மூளைப் புற்றுநோய்: கவுண்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

அத்தானுக்கு வலிப்பு வந்தது ஒரு புதன்கிழமை ராத்திரி. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் கட்டி மாதிரி தெரிகிறது என்றார்கள், அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டினோம். மூன்றே நாளில் அக்காவின் செயினும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. நான்காம் நாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பீரோவில் ரேஷன் கார்டோடு ரப்பர் பேண்ட் போட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. நாங்கள் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிதான். ஆனால் பணம் கட்டும் நோயாளியாகப் பதிந்துவிட்டோம், கட்டியது கட்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அரசு உதவிகளில் பெரும்பாலானவை இனிமேல் ஆகப்போகும் செலவுக்குத்தான். பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது, ஏற்கெனவே கட்டிய பில்லுக்கும் கிடைக்காது. அதனால் பணம் புரட்டுவதற்கு முன்னால் காகிதம் புரட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். நான் எழுதுவது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, அதிலும் கையில் பெரிய சேமிப்பு இல்லாத குடும்பங்களுக்கு.

முதல் இரண்டு நாள்

வலிப்பை நிறுத்த ஊசி, மூளை வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு, இவை உடனே நடக்க வேண்டும், அங்கே பணக் கணக்குப் பார்க்காதீர்கள். நோயாளி மயக்கத்துக்குப் போகிறார், மூளைக்குள் நீர் கோத்து அழுத்தம் ஏறுகிறது என்றால் ஆபரேஷனும் அப்போதே. ஆனால் பலருக்கு வீக்கம் தணிந்த பிறகு சில நாள் அவகாசம் இருக்கும். அது நம் கேஸில் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "சார், எத்தனை நாளுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும்? இவரை இந்த நிலையில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா?" கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நாங்கள் கூச்சப்பட்டோம். கேட்டிருந்தால் ஐந்தாறு நாள் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்ததாக, சேர்க்கும்போதே இன்சூரன்ஸ் கவுண்டரில் போய் நில்லுங்கள். "முதலமைச்சர் காப்பீட்டில் சேர்க்க முடியுமா? இந்த ஆபரேஷனுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கிறதா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கும், ஆனால் நரம்பு அறுவைக்கு இருக்காது, இப்படியும் உண்டு. அட்டை கையில் இல்லாவிட்டாலும் ரேஷன் கார்டு எண்ணை வைத்துப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். சிகிச்சைக்கு முன்னால் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், அவசரக் கேஸ் என்றால் அந்த முன்அனுமதியையும் அவசரமாகவே வாங்க வழி இருக்கிறது, நாம் கேட்டால்தான் நடக்கும்.

காப்பீட்டு அட்டை

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012இல் பெயர் மாறிய திட்டம் இது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது, அந்தப் பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு நமக்குக் கிடைக்காது என்று சும்மா இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அங்கே கொடுத்த சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட் நகலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், அவசரம் அவர்களுக்கும் புரியும். இதற்குப் பணம் கிடையாது. நான் அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஐயாயிரம் கேட்கும் ஆளை ஆஸ்பத்திரி வாசலிலேயே பார்ப்பீர்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவர் அட்டையிலும் இருக்கமாட்டார், அதனால் கல்யாணமாகி வந்த மருமகள், கார்டில் சேர்க்காமல் விட்ட பிள்ளை யாராவது இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஒன்றை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். ஆபரேஷன் தனி, ரேடியேஷன் தனி, கீமோ தனி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். ஒரு தடவை அனுமதி வந்துவிட்டது, இனி எல்லாம் இலவசம் என்று நினைத்துக்கொண்டு ரேடியேஷன் அன்றைக்குப் போய் நின்றால் ஒரு வாரம் தள்ளிப்போகும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே, அடுத்த கட்டத்துக்கு என்னென்ன பேப்பர் வேண்டும், அட்டையில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி

அரசு ஆஸ்பத்திரி என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மூளை ஆபரேஷனை ஜிஎச்சிலா செய்வது என்று என்னிடமும் கேட்டார்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவை 1949இல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார், அடுத்த வருடமே சென்னை ஜிஎச்சில் டாக்டர் ராமமூர்த்தி தொடங்கினார். எழுபது வருடத்துக்கு மேல் தலையைத் திறந்து ஆபரேஷன் செய்துவரும் இடம் அது. படுக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், கூட்டம் இருக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கையில் அட்டை இருந்து, டாக்டர் அவகாசம் இருக்கிறது என்று சொன்னால், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையையோ (சென்னை ஜிஎச் என்பது இதுதான்) மதுரை ராஜாஜி மருத்துவமனையையோ புதுச்சேரி ஜிப்மரையோ யோசிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ரேடியேஷனுக்கும் கீமோவுக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது, லாபத்துக்காக நடத்துவதல்ல, வசதியைப் பார்த்துக் கட்டணச் சலுகை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் ஒரு இடத்திலும் ரேடியேஷன் இன்னொரு இடத்திலும் செய்வது தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சொல்லப்போனால் ரேடியேஷனுக்குப் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போக வேண்டும். அதனால் சில சமயம் பெயர்பெற்ற தூரத்து ஆஸ்பத்திரியைவிட, சாயங்காலம் வீடு திரும்பக்கூடிய ஒரு இடம் எவ்வளவோ மேல். லாட்ஜ் வாடகையும் மூன்று பேர் சாப்பாடும் சேர்ந்து சிகிச்சைக்கு நிகராக வந்து நிற்கும்.

இடம் மாறும்போது எம்ஆர்ஐ ஸ்கேன் பதிந்த சிடி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் மட்டும் போதாது. எடுத்த கட்டியை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், பாரஃபின் பிளாக் என்பார்கள், அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். ஐடிஎச், எம்ஜிஎம்டி மாதிரியான மரபணுச் சோதனைகளை அதை வைத்துத்தான் செய்வார்கள், எந்த வகைக் கட்டி, எந்த மருந்து பிடிக்கும் என்பது அதில்தான் தெரியும். பிளாக் இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

தனியார் இன்சூரன்ஸ் இருந்தால்

கம்பெனி கொடுத்த பாலிசியோ நீங்களே எடுத்ததோ, அறையில் படுக்கவைக்கும் முன்னால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். பாலிசியில் நாளுக்கு 4,000 என்று இருக்கும்போது 8,000 ரூபாய் அறை எடுத்தால் வித்தியாசம் 4,000 மட்டும் நம் தலையில் விழும் என்று நினைப்போம். பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள். மூன்று லட்ச ரூபாய் பில்லில் இது எவ்வளவு பெரிய அடி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கீமோ மாத்திரையை வீட்டில்தானே சாப்பிடுகிறார், அதற்குக் கிளெய்ம் கிடையாது என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். வாய்வழிக் கீமோ, கத்தி வைக்காமல் கட்டியைக் குறிவைத்துக் கதிர் பாய்ச்சும் ஸ்டீரியோடாக்டிக் ரேடியோ சர்ஜரி, ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பைக் கண்காணிப்பது, இவை மூன்றையும் பாலிசியிலிருந்து விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று உள்வரம்பு போடலாம், அது வேறு. பாலிசிப் புத்தகத்தில் அந்த உள்வரம்பைத் தேடுங்கள்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வீட்டில் இருக்கும் பழைய எல்ஐசி பாலிசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். கடுமையான நோய்களுக்கான ரைடர், அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் காப்பீடு, எதிலாவது சேர்த்திருக்கலாம், வீட்டுக் கடனோடு கொடுத்த பாலிசியிலும் இருக்கலாம். அந்த ரைடர்கள் சிலவற்றில் புற்றுநோய் இல்லாத மூளைக் கட்டிக்கும் தனியாக இடம் உண்டு. அதனால் பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் பாருங்கள். அப்புறம், என்ன நெருக்கடி வந்தாலும் நோயாளி பெயரில் உள்ள பாலிசிக்குப் பிரீமியம் கட்டாமல் விடாதீர்கள். இந்த நோய் வந்த பிறகு புதுப் பாலிசி எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

கையெழுத்து

மற்றப் புற்றுநோய்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து பேச்சு போகலாம், வலது கை செயலிழக்கலாம், நினைவு தடுமாறலாம். அத்தானுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ஏடிஎம் பின் நம்பர் மறந்துபோனது. யோசித்து யோசித்து அவர் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. சம்பளம் விழுந்த கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது, பணம் அதில் கிடந்தது, அக்கா வெளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தெளிவாக இருக்கும்போதே, முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்னால், வங்கிக் கணக்கில் மனைவியையோ பிள்ளையையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் மாற்றிவிடுங்கள். பிஎஃப், எல்ஐசி, வங்கி எல்லாவற்றிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எழுதிக்கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது, அப்புறம் பாதுகாவலர் நியமனத்துக்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். அதனால் கூட்டுக் கணக்குத்தான் நல்லது. இதைப் பேசும்போது, என் பணத்தைப் பார்க்கிறீர்களா என்று நோயாளிக்கு மனது வலிக்கலாம். அவர் மதிக்கும் ஒருவரை வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது உங்கள் வைத்தியத்துக்கு என்று சொல்லுங்கள்.

மருந்துச் செலவு

மூளையிலேயே உருவாகும் கிளையோமா வகைக் கட்டிகளில், முக்கியமாக அவற்றில் வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமாவில், டெமோசோலமைடு என்ற மாத்திரை கொடுப்பார்கள். ரேடியேஷன் நடக்கும் ஆறு வாரமும் தினமும், அதற்கப்புறம் 28 நாளுக்கு 5 நாள் வீதம் ஆறு மாதம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துதான், அரசு உச்ச விலையும் வைத்திருக்கிறது. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு, மருந்து அட்டைப் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் மொத்தக் கடையில் கொடுக்கும் விலைக்கும் பெரிய தூரம் இருக்கும். டாக்டரிடம் பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில் சீட்டு எழுதித் தரச் சொல்லி, புற்றுநோய் மருந்து விற்கும் மொத்தக் கடை இரண்டு மூன்றிலும், புற்றுநோய் மருந்தைக் குறைந்த விலையில் விற்கும் மத்திய அரசின் அம்ரித் மருந்தகத்திலும் விசாரியுங்கள். எந்தக் கம்பெனி மருந்து வாங்குகிறீர்கள் என்பதை வாங்கும் முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், பில் வாங்காமல் வராதீர்கள்.

வலிப்பு மாத்திரை, வயிற்று மாத்திரை மாதிரி தினமும் சாப்பிடுவதற்கு குறைந்த விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. வலிப்பு மாத்திரையில் கம்பெனி மாற்றுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். காசு இல்லை என்று வலிப்பு மாத்திரையையோ ஸ்டீராய்டையோ திடீரென்று நிறுத்தவே கூடாது. எதைக் குறைப்பதானாலும் டாக்டரிடம் போய், இதற்கு வழியில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நிறைய டாக்டர்கள் மாற்று யோசிப்பார்கள்.

அட்டை போதாதபோது

பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். எந்த அறக்கட்டளை எந்த நோய்க்கு உதவுகிறது, ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகள் நிதியில் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு மூன்றாவது மாதம்தான் இப்படி ஒருவர் இருப்பதே தெரிந்தது.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க, டாக்டர் கையெழுத்திட்ட செலவு மதிப்பீட்டின் அசல், வருமானச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ வேண்டும். அரசு ஆஸ்பத்திரியாகவோ அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியாகவோ இருக்க வேண்டும். எம்பியின் பரிந்துரைக் கடிதம் வைத்து அனுப்புவதுதான் வழக்கம், தொகுதி எம்பி அலுவலகத்தில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். இங்கேயும் கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது, அதனால் எஸ்டிமேட் கையில் வந்த அன்றே அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் புற்றுநோயாளர் நிதி இருக்கிறது, அடையாறு, காஞ்சிபுரம், ஜிப்மர் மாதிரியான மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் நேரில் மனுக் கொடுப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காப்பீட்டில் ஏதாவது சிக்கிக்கொண்டிருந்தால் அங்கே கொடுத்த மனுவுக்குப் பதில் வரும்.

இணையத்தில் நிதி திரட்டுவதாக இருந்தால் மிலாப், கெட்டோ மாதிரித் தளங்கள் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை முதலில் படியுங்கள். என்னைக் கேட்டால் அதற்கும் முன்னால் அவர் படித்த பள்ளி, வேலை பார்த்த இடம், ஊர்க்காரர்கள் வாட்ஸாப் குழு. முகம் தெரிந்தவர்கள்தான் கொடுப்பார்கள். குழாய் மாட்டிப் படுத்திருக்கும் மாதிரிப் படம் எல்லாம் வேண்டாம், எஸ்டிமேட்டைப் போடுங்கள், வந்த தொகையையும் செலவையும் வாரம் ஒருமுறை எழுதுங்கள். அடுத்த தடவை கேட்க வேண்டிவரும்போது அந்தக் கணக்குத்தான் பேசும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கி நகைக்கடன், எல்ஐசி பாலிசி மேல் கடன், பிஎஃப் முன்பணம் இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மற்றது. நோயாளி இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டுபவராக இருந்தால் சிகிச்சை மட்டும் இல்லை, சம்பளத்துக்குப் பதில் பணமும் உண்டு. சாதாரண நோய்விடுப்பு முடிந்ததும், நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருடம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, புற்றுநோய் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அதனால் வேலையை ராஜினாமா செய்யச் சொல்லி யாராவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

கட்டி திரும்ப வந்தால்

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா பெரும்பாலும் திரும்ப வரும். அப்போது பெவாசிசுமாப் என்ற ஊசியைப் பற்றிச் சொல்வார்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடுவது, விலை அதிகம். வீக்கம் குறையும், கொஞ்ச நாள் நன்றாக இருப்பார், சிலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முதல் சிகிச்சையோடு சேர்த்து அதைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 2014இல் வெளிவந்தவை, கட்டி வளர்வது தள்ளிப்போனது, மொத்த ஆயுள் கூடவில்லை. வீட்டை விற்று அந்த ஊசி போடலாம் என்று முடிவெடுக்கும் முன்னால் டாக்டரிடம், இது எத்தனை நாள் கூட்டும், அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நோயாளிக்குத் தெளிவு இருந்தால் அவரையும் கேளுங்கள். வேறொரு ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் காட்டி இரண்டாவது கருத்தும் வாங்குங்கள், நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபப்படமாட்டார்.

பயணமும் வீடும்

சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே கேட்கும் படிவத்தில் ஆஸ்பத்திரி சான்று வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

கை கால் வராமல் போனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு அதுதான் கதவு. படுத்த படுக்கையானவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரணக் கவனிப்பும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். அக்கா வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் அத்தானைத் திரும்ப உட்காரவைத்தார், தனியாரில் அதே ஒரு மணிநேரத்துக்குத் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஏற்றி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை எதையும் புதிதாக வாங்காதீர்கள், மாத வாடகைக்குக் கிடைக்கும், பயன்படுத்தி முடித்தவர்கள் சும்மாவும் கொடுப்பார்கள். எங்களுக்குக் கட்டில் கொடுத்தது முன்பின் தெரியாத ஒரு அம்மா, ரேடியேஷன் வார்டு பெஞ்சில் பழக்கமானவர். அந்தக் கட்டில் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.